எளிமையும் ஆற்றலும்

கருவியைச் செய்வோர் சிலர். அதனைக் கையாள்வோர் பலர். அப்பலரும் ஒரு தன்மையர் அல்லர். அரிவாள் வடிக்கும் கொல்லன், அதனை நாள்தோறும் வயலில் ஏந்தும் கைக்கும், என்றோ ஒருநாள் வேலி வெட்ட எடுக்கும் கைக்கும் சேரவே வடிக்கின்றான். இருவகைக் கைக்கும் பொருந்தச் செய்தல் எல்லாத் தொழில்களிலும் அரிய செயலேயாம். எனினும், கணினிக்கு மென்பொருள் இயற்றும் தொழிலில் அவ்வருமை பன்மடங்கு பெருகுகின்றது. ஏனெனின், இரும்புக்கு ஓர் எல்லை உண்டு. ஓர் அரிவாளில் பத்து வாய் வைக்க இயலாது. மென்பொருளுக்கோ அத்தகைய எல்லை இல்லை. வேண்டும் வசதிகளையெல்லாம் மேன்மேலும் அடுக்கிக்கொண்டே போகலாம்.

இவ்வுரிமையால் இருவகைக் குற்றங்கள் விளைகின்றன. புதியவன் அஞ்சலாகாது என்று கருதி வசதிகளைக் குறைத்துவிட்டால், தேர்ந்தவன் சின்னாளில் அக்கருவியை ஒதுக்கிவிடுவான். தேர்ந்தவனுக்கு வேண்டியன யாவற்றையும் முகப்பிலேயே நிரப்பிவிட்டால், புதியவன் வாயிலிலேயே திரும்பிவிடுவான். ஆகவே எளிமையும் ஆற்றலும், ஒன்று ஏறின் ஒன்று இறங்கும் துலாக்கோலின் இரு தட்டுக்களைப் போல்வன என்று பலரும் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் முற்றும் உண்மையன்று என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம். இதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டுவதில்லை. நாம் தமிழ் எழுதப் பயன்படுத்தும் விசைப்பலகையே போதிய சான்றாகும்.

திருத்தணிகை நகரை எண்ணிப் பார்ப்போம். அவ்வூர் மலையுச்சிக்குச் செல்ல இருவழி உண்டு. ஓராண்டின் நாட்களைக் குறிப்பன என்று சொல்லப்படும் 365 படிகள் ஒன்று; வண்டிகள் ஏறும் பாதை மற்றொன்று. காலில் வலியுடையாரும் முழங்கால் தளர்ந்தாரும் தத்தமக்கு இயன்ற வழியிற் சென்று ஒரே உச்சியை அடைகின்றனர். நிற்க. இந்நகர் தமிழகத்தின் வட எல்லையில் உள்ளது. முன்னர் ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் நாளன்று சென்னை இராச்சியத்தோடு இணைந்தது. இப்பொழுது திருவள்ளூர் மாவட்டத்தில் அடங்கியுள்ளது. தமிழும் தெலுங்கும் வீட்டிலும் கடைவீதியிலும் கலந்து வழங்கும் இடம் அது.

இத்தகைய ஊரில் ஒரு கணினியின் முன் வந்து அமரக்கூடியவர் யாவர்? இளமையில் தட்டச்சு நிலையத்திற் பயின்று, பார்வை பலகையிற் படாமலே பத்திரம் எழுதப் பழகிய முதியவர் ஒருவர். விசைகளை முதன்முறையாகத் தொடும் பள்ளி மாணவி ஒருத்தி. ஆங்கில விசைகளை நன்கறிந்து, கைபேசியில் உறவினர்க்குக் கடிதம் விடுக்கும் இளைஞர் ஒருவர். காலையில் தமிழிலும் மாலையில் தெலுங்கிலும் கணக்கும் விலைப்பட்டியலும் எழுதும் வணிகர் ஒருவர். இந்நால்வர்க்கும் வேண்டுவது ஒன்றே. தம் கருத்தைத் தம் மொழியில் பிழையின்றி விரைந்து எழுதவேண்டும் என்பதே அது. ஆனால் அவர்கள் கொண்டுவரும் பழக்கமோ நால்வேறு வகையினது. இவருள் ஒருவர்க்கு வழி அடைபடின் அவர் எழுதுதலையே கைவிடுவார். அல்லது தமக்காகப் பிறர் எழுதக் காத்திருப்பார். ஆதலின் இது வெறும் வசதியைப் பற்றிய வினா அன்று. எழுதும் உரிமை யார் கையில் இருப்பது என்பதைப் பற்றிய வினாவும் ஆகும்.

ஆங்கிலத்திற்கு எழுத்து 26. தமிழுக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247. தட்டச்சு யந்திரத்தில் உள்ள விசைகள் நாற்பத்தைந்தின் அளவின. ஒரு விசைக்கு இரண்டு உருவமாகக் கொள்ளினும் தொண்ணூறு உருவங்களுக்கே இடம் உண்டு. இந்நெருக்கத்தில் தமிழை அடக்கிக் காட்டியவர், யாழ்ப்பாணத்திற் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா என்பவர். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் வகுத்த அமைப்பின்படி ஜெர்மனியில் யந்திரங்கள் செய்யப்பெற்றன. கொம்பு, கால், புள்ளி முதலிய குறிகளைத் தனித்தனி விசைகளில் வைத்து எழுத்தோடு சேர்த்துப் பொறிப்பதே இதன் அடிப்படை. அடித்தும் தாள் நகராத விசைகள் சிலவும் இதில் உண்டு. புள்ளியை முன்னே பொறித்து, தாள் நகராதிருக்க, அதன்கீழ் எழுத்தைப் பொறிப்பர்.

இம்முறையில் எழுத்து கண்ணுக்குத் தோன்றும் வரிசையே கைக்கும் வரிசையாயிற்று. ‘கெ’ என்று எழுதக் கொம்பு முன்னும் ககரம் பின்னும் அடிக்கப்படும். யந்திரத்தின் இயல்பினை நோக்க இஃது அறிவுடைய ஏற்பாடே. எனினும் இதனைக் கற்கப் பல மாதப் பயிற்சி வேண்டும். பயின்றவர்க்கோ மிக்க விரைவைத் தரும். அஃதாவது, சுமை முழுவதையும் முதலிற் கற்பவன்மேல் ஏற்றி, பயனைப் பின்னால் அளிக்கும் முறை இது.

கணினி வந்தபின் யந்திரத்தின் தளை அறுந்தது. எழுத்தின் உருவத்தைத் தீட்டுவது இப்பொழுது விசையன்று, மென்பொருள். ஆகவே விசைகளை எவ்வாறு வகுத்தாலும் எழுத்துச் சரியாகவே தோன்றச் செய்யலாம் என்னும் நிலை ஏற்பட்டது. இவ்விடத்தே முற்றும் வேறான மூன்று எண்ணங்கள் பிறந்தன.

முதலாவது, ஒலிபெயர்ப்பு முறை. ஆங்கில விசைகளிலே தமிழொலியை எழுத, மென்பொருள் அதனைத் தமிழெழுத்தாக மாற்றும். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் இயற்றிய முரசு அஞ்சல் இவ்வகையிற் புகழ்பெற்றது. அவரது செல்லினம் 2005-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் வெளியாகிக் கைபேசியில் தமிழெழுத வழிசெய்தது. இம்முறையின் நயம் யாதெனின், ஆங்கில விசைகளை அறிந்தவன் அன்றைக்கே எழுதத் தொடங்கலாம். தந்நகரம், றன்னகரம் இரண்டிற்கும் ஆங்கிலத்தில் எழுத்து ஒன்றே. ஆயினும் சொல்லின் முதலிலும் தகரத்தின் முன்னும் வருவது தந்நகரமே என்னும் தமிழ் மரபை மென்பொருளே அறிந்து உரிய எழுத்தை இடுகின்றது. இலக்கணம் தெரிந்த துணைவன் ஒருவன் அருகிலிருந்து திருத்துவது போன்றது இது. குறையோ இரண்டு. ஆங்கிலம் அறியாதார்க்கு இவ்வாயில் அடைபட்டதே. அறிந்தார்க்கும் ல, ள, ழ என்னும் வேறுபாடுகளைப் பிறமொழி எழுத்தின் வழியாகவே நினைந்து எழுத வேண்டியதாகின்றது.

இரண்டாவது, தமிழ்99 என்னும் பலகை. 1997-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தொடங்கிய ஆராய்ச்சிகளின் தொடர்பாக, 1999-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடிற்று. அதன் பயனாக அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டு அரசு இப்பலகையைத் தரமாக ஏற்றது. இதன் அமைப்பு நுட்பமாய் ஆராயத் தக்கது. உயிரெழுத்துப் பன்னிரண்டும் இடக்கையின்பால் உள்ளன; மெய்யிற் பெரும்பாலன வலக்கையின்பால் உள்ளன. அ, இ, உ, எ என்னும் குறில்கள் விரல்கள் இயல்பாய்த் தங்கும் நடுவரிசையில் அமைய, அவற்றின் நெடில்கள் நேர்மேலே உள்ளன. அடிக்கடி வரும் க, ப, ம, த முதலியனவும் நடுவரிசையிலேயே உள்ளன. ககரத்தை அடித்து இகரத்தை அடித்தால் ‘கி’ ஆகும். மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் ஆகும் என்று நாம் முதல் வகுப்பிற் கற்ற பாடமே இங்கு விதியாயிற்று. கொம்பு எங்கே வரும், கால் எங்கே வரும் என்ற கவலை எழுதுவானுக்கு இல்லை.

அதனினும் வியப்பானது புள்ளியைப் பற்றிய ஏற்பாடு. தமிழிற் புள்ளி மிகுதியாக வரும். ஒவ்வொரு முறையும் அதற்கெனத் தனி விசை அடித்தல் சலிப்புத் தருவதாகும். ஆனால் புள்ளி வரும் இடங்கள் பெரும்பாலும் முன்னரே அறியக் கூடியவை. மெய்கள் ஒன்றோடொன்று கூடும் முறையைத் தொல்காப்பியர் காலந்தொட்டு நம் இலக்கணிகள் மெய்ம்மயக்கம் என்று ஆராய்ந்துள்ளனர். ‘அக்கா’, ‘அப்பா’ என்பனபோல் ஒரே மெய் இரட்டித்து வருவது உடனிலை மெய்ம்மயக்கம். ‘தங்கை’, ‘பஞ்சு’, ‘வண்டி’ என்பனபோல் மெல்லினத்தைத் தொடர்ந்து அதன் இனமாகிய வல்லினம் வருவது வேற்றுநிலை மெய்ம்மயக்கத்துள் ஒரு பகுதி. இவ்விரு இடங்களிலும் புள்ளியைத் தானே இடும்படி தமிழ்99 வகுக்கப்பட்டுள்ளது.

‘தந்தை’ என்னும் ஒரு சொல்லைக் கொண்டு இம்முறைகளை ஒப்பிடலாம். தட்டச்சு முறையில் தகரம், புள்ளி, நகரம், ஐகாரக் குறி, தகரம் என ஐந்து அடி வேண்டும். ஒலிபெயர்ப்பு முறையில் ஆங்கில எழுத்து எட்டு வேண்டும். தமிழ்99-இல் தகரம், நகரம், தகரம், ஐகாரம் என நான்கே போதும். நகரத்தின்மேற் புள்ளி தானே அமர்கின்றது. ‘அம்மா’ என்பதும் அவ்வாறே அ, ம, ம, ஆ என நான்கு அடியில் முடியும்.

இங்கே ஒரு தடை எழலாம். மெய் இரட்டித்தும் புள்ளி வேண்டாத சொற்கள் தமிழில் இல்லையோ எனின், உண்டு. ‘மமதை’ என்பது அவற்றுள் ஒன்று. மகரத்தை இருமுறை அடித்தால் பலகை ‘ம்ம’ என்றே கொள்ளும். அவ்விடத்தில் முதல் மகரத்தின்பின் அகரத்தை அடித்தால் புள்ளி இடுவது தடைப்படும். பின்னர் இரண்டாம் மகரத்தை அடிக்கலாம். இவ்வேற்பாட்டின் அழகை நோக்குக. நூற்றில் பலவாக வரும் சொற்களுக்கு அடி குறைக்கப்பட்டது. அருகி வரும் சொல்லுக்கு ஓரடி கூட்டப்பட்டது. ஆனால் அருகி வருவதை எழுதவே முடியாதபடி வழி அடைக்கப்படவில்லை. பொதுவானது எளிதாகவும், அரியது இயலுவதாகவும் இருத்தல் வேண்டும் என்பதே வசதிகளை வகுப்போர்க்கு முதல் விதியாகும்.

மூன்றாவது, இன்ஸ்கிரிப்ட் என்னும் பலகை. இந்திய மொழிகள் பலவற்றிற்கும் பொதுவாக மத்திய அரசின் முயற்சியால் அமைந்தது இது. தமிழ்க் ககரம் எவ்விசையில் உளதோ அவ்விசையிலேயே தெலுங்குக் ககரமும் உள்ளது. முற்கூறிய எல்லைப்புற வணிகருக்கு இதனினும் ஏற்றது வேறில்லை. ஒரு முறை விரலைப் பழக்கினால் இரு மொழியும் கைவரும். ஆனால் அப்பொதுமைக்கு விலை உண்டு. தெலுங்கிற்கு உரிய மூச்சொலி எழுத்துக்கள் அமர்ந்த இடங்கள் தமிழில் வெறுமையாய் நிற்கும். புள்ளியைத் தானே இடும் உதவியும் இல்லை. ஆதலின் ‘தந்தை’க்கு ஐந்து அடி வேண்டும். தமிழ் ஒன்றையே எழுதும் மாணவிக்கு இது வீண் சுமை. இருமொழி எழுதும் வணிகர்க்கு இதுவே இலாபம். ஒருவர்க்கு ஆற்றலாவது மற்றொருவர்க்கு இடையூறாதல் இவ்வாறாம்.

இப்பொழுது ஒரு வினா நிகழும். இவற்றுள் ஒன்றையே சிறந்ததெனத் தெரிந்து மற்றவற்றை விலக்கிவிடலாகாதோ? அமெரிக்காவில் நிகழ்ந்தது இதற்கு விடை கூறும். ஷோல்ஸ் என்பார் 1870-களில் வகுத்த ஆங்கில விசை வரிசையே இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது. அதனினும் கைக்கு இசைந்தது எனக் கூறி, ஆகஸ்ட் டுவோராக் என்னும் பேராசிரியர் 1936-ஆம் ஆண்டில் வேறொரு வரிசைக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் பழைய வரிசையே நிலைத்தது. பழகிய விரல்கள் தம் பழக்கத்தை எளிதில் விடுவதில்லை. ஒருவன் பல்லாண்டு உழைத்து ஈட்டிய கைப்பழக்கம் அவனது செல்வமன்றோ? புதியது சிறந்தது என்பதொன்றே பற்றி அச்செல்வத்தைச் செல்லாக் காசாக்குவது நீதியாகாது. தட்டச்சு பயின்ற முதியவர்க்குப் பழைய வரிசையையே கணினியிலும் அளித்தல் இதனால் வேண்டப்படுவதாயிற்று.

பல வாயில்களை வைத்தால் உள்ளே குழப்பம் விளையாதோ எனின், ஒரு காலத்தில் விளைந்ததே. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனத் தனிக் குறியீடு கொண்டிருந்த நாளில், ஒருவர் எழுதியது மற்றொருவர் கணினியிற் பொருளற்ற கோடுகளாய்த் தோன்றிற்று. 1991-இல் முதன்முதல் வெளியான யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீடு தமிழுக்கெனத் தனியிடம் வகுத்தது. 2010-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசும் அதனைத் தரமாக ஏற்றது. அதன்பின் எவ்விசைப்பலகையால் எழுதினும் உள்ளே சேமிக்கப்படும் எழுத்து ஒன்றே. எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் முதலிய மென்பொருள்கள், பலவகைப் பலகைகளை ஒருங்கே அளித்து, வேண்டியதைத் தெரிந்துகொள்ளவிட்டது இதனாற் பொருத்தமாயிற்று. முதியவர் தட்டச்சு முறையில் தொடங்கிய மனுவை மாணவி தமிழ்99-இல் முடிக்கலாம். படிப்பவர்க்கு வேற்றுமை தோன்றாது. வாயில் பலவாயினும் களஞ்சியம் ஒன்றாயிருத்தல் வேண்டும் என்பது இரண்டாம் விதியாகும்.

எனினும், விருப்பங்களைப் பெருக்குவதே எல்லாவற்றிற்கும் மருந்து என்று கருதுதல் தவறு. பத்துப் பலகைகளின் பெயரைக் காட்டி ஒன்றைத் தெரிந்துகொள் என்று மாணவியிடம் கூறினால், எதனையும் அறியாத அவள் எதனைத் தெரிவாள்? தெரிவு என்பதும் ஒரு சுமையே. ஆதலின் ஒன்றும் கேளாதார்க்கு நன்றான ஒன்றைத் தாமே முன்வைத்து, வேண்டுவோர்க்கு மற்றவற்றைச் சற்று உள்ளே வைத்தல் கடமை. எதனை முன்வைப்பது என்று துணிதலில்தான் மென்பொருள் இயற்றுவோரின் அறிவும் பொறுப்பும் வெளிப்படுகின்றன. தாம் முடிவு செய்ய அஞ்சிய ஒவ்வொன்றையும் ஒரு விருப்பமாக ஆக்கிப் பயனர் தலையில் ஏற்றுபவர் அப்பொறுப்பினின்றும் தப்பியோடுபவரே ஆவர்.

லாரி டெஸ்லர் என்னும் அமெரிக்க அறிஞர் இதுபற்றிக் கூறிய கருத்தொன்று நினைவிற் கொள்ளத்தக்கது. வெட்டி ஒட்டுதல் என்று இன்று நாம் எல்லோரும் கையாளும் வசதியை 1970-களில் ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கியவருள் அவர் ஒருவர். எந்தச் செயலிலும் நீக்கவொண்ணாத சிக்கல் ஓரளவு உண்டென்றும், அதனை அழிக்க இயலாது, இடம் மாற்றவே இயலும் என்றும், ஆகவே அதனைச் சுமப்பவர் இயற்றுவோரோ பயனரோ என்பதே வினா என்றும் அவர் கருதினார். தமிழின் மெய்ம்மயக்கம் அத்தகைய சிக்கல். தட்டச்சு யந்திரத்தில் அதனைச் சுமந்தது எழுதுவோரின் விரல். தமிழ்99-இல் அதனைச் சுமப்பது மென்பொருள். இங்கே எளிமையும் ஏறிற்று, ஆற்றலும் ஏறிற்று. துலாக்கோல் உவமை பொய்த்தது இவ்விடத்திலேதான்.

பயிற்சியின் ஆற்றலையும் நாம் இகழ்தலாகாது. டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவர் 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோவில் சுட்டி என்னும் கருவியை உலகிற்குக் காட்டினார். அன்று அவரது வலக்கையில் மூன்று பொத்தானுள்ள சுட்டியும், இடக்கையில் ஐந்து விசையுள்ள சிறு பலகையும் இருந்தன. ஐந்து விசைகளைப் பலவாறு சேர்த்து அழுத்தி எழுத்துக்களை அமைக்கலாம். பயின்றவர்க்கு அது மிக்க ஆற்றல் அளித்தது. ஆனால் உலகம் சுட்டியை ஏற்றது. ஐவிசைப் பலகையை ஏற்கவில்லை. அதற்கு முதற்படி மிக உயரமாயிருந்தது. 1984-இல் வெளியான மாக்கின்டாஷ் கணினி பொத்தான்களையும் ஒன்றாகக் குறைத்தது. அதே கணினி வேறொரு நயத்தையும் கையாண்டது. பட்டியலில் ஒவ்வொரு கட்டளையின் பெயருக்கு அருகே அதற்குரிய குறுக்கு விசையும் குறிக்கப்பட்டிருந்தது. புதியவன் பெயரைப் பார்த்துச் சுட்டுவான். பலமுறை சுட்டும்பொழுது குறுக்கு விசை கண்ணிற் படும். பின்னர் ஒருநாள் பட்டியலைத் திறவாமலே அவ்விசையை அழுத்துவான். எளிய வழியே தேர்ந்த வழியைக் கற்பிக்கும் ஆசானாயிற்று. முதற்படி தாழ்ந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த படி எங்குளது என்பது அப்படியில் நின்றவாறே தெரிய வேண்டும். இது மூன்றாம் விதியாகும்.

இன்று கைபேசியில் சொல்லின் தொடக்கத்தை எழுதினால் முடிவைத் தானே காட்டும் வசதியும், பேசினால் எழுத்தாக்கும் வசதியும் வந்துவிட்டன. எழுத்தறிவு குறைந்தார்க்கு இவை பேருதவியே. ஆயினும் குரலைக் கேட்டு எழுதும் கருவி ‘மனம்’ என்பதை ‘மணம்’ என்று எழுதிவிட்டால், அதனைத் திருத்தும் வழி அருகிலேயே இருத்தல் வேண்டும். கருவி தானே செய்யும் ஒவ்வோர் உதவியும், செய்தது யாது என்பது தெரியும்படியும், வேண்டாதபொழுது நீக்கும்படியும் அமையவேண்டும். இல்லையேல் உதவி ஆட்சியாகிவிடும்.

மாணவ நண்பர்களே! உங்களுட் பலர் நாளை மென்பொருள் இயற்றும் தொழிலை மேற்கொள்வீர்கள். ஒரு வசதியைச் சேர்க்குமுன், இதனால் யாருக்கு வேலை குறைகின்றது, யாருக்குக் கூடுகின்றது என்று ஒருமுறை கேளுங்கள். நீங்கள் கணினியை நன்கறிந்தவர்களாதலால், உங்களுக்கு எளிதாயிருப்பது பிறர்க்கும் எளிதாயிருக்கும் என்று எண்ணி மயங்காதீர்கள். தட்டச்சு நிலையத்தில் பயின்ற முதியவரையும், விசையைப் புதிதாய்த் தொடும் சிறுமியையும் அருகில் அமர்த்தி, அவர்கள் விரல் எங்கே தயங்குகின்றது என்று பொறுமையாய்ப் பாருங்கள். அத்தயக்கமே உங்களுக்குரிய பாடநூல். அங்கே கண்ட சிக்கலை அவர்கள் தோளினின்றும் இறக்கி உங்கள் தோளில் ஏற்றிக்கொள்ளுங்கள். அவ்வுழைப்பு வெளியே தெரியாது. அதற்காக உங்களைப் புகழ்வாரும் அரியர். ஆனால் எவரையும் எதிர்பாராமல் தம் மனுவைத் தாமே எழுதி முடித்து எழுந்து செல்லும் ஒருவர், அவ்வுழைப்பின் பயனை அறியாமலே பெற்றுச் செல்கின்றார். அதனினும் சிறந்த கூலி இத்தொழிலில் இல்லை.